தாய் நாயைக் காட்டுங்கள்

போன மாதம் சித்தப்பா மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். துண்டில் சுற்றிய ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டி. காது இன்னும் நிமிரவில்லை. பண்டமாரானில் அவள் வீடு வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் இரண்டு முறை திருடன் வந்துவிட்டான். கீழே எழுதியிருந்தாள்: "அண்ணே, 45 நாள் குட்டியாம். 1,800 வெள்ளி. இன்னிக்கே காசு போடலன்னா வேற யாரோ எடுத்துடுவாங்களாம். எடுக்கவா?"

நான் கேட்டேன்: "அம்மா எங்க?"

"அம்மா கோயிலுக்குப் போயிருக்காங்க. ஏன்?"

"உங்க அம்மா இல்ல. குட்டியோட அம்மா."

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "அதெல்லாம் கேக்கணுமா?" என்றாள்.

கேட்கணும். எனக்கு அது தெரியவந்தது 2011இல். அப்போது எனக்கு 19 வயது, முதல் சம்பளம் கையில் இருந்தது. கிள்ளானில் ஒரு பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்தில் ஓர் ஆள் கார் பூட்டைத் திறந்து, ஆப்பிள் பெட்டிக்குள்ளிருந்து ஒரு குட்டியை எடுத்துக் கையில் கொடுத்தான். 600 வெள்ளி. தடுப்பூசி அட்டை இருந்தது. அதில் ஸ்டிக்கரும் இருந்தது, ஆனால் எந்தக் கிளினிக்கின் முத்திரையும் இல்லை. அதையெல்லாம் பார்க்கத் தெரியாது அப்போது. ராக்கி என்று பெயர் வைத்தோம். மறுநாள் இரவு வாந்தி. அதற்கடுத்த நாள் இரத்தமாகப் போனது. அந்த வாடை இன்னும் எனக்கு மறக்கவில்லை. நான்காம் நாள் காலையில் குட்டி செத்துக் கிடந்தது. விற்றவனின் எண் அதற்குள் வேலை செய்யவில்லை.

பார்வோ என்றார் கால்நடை மருத்துவர். இந்த நோய் அவ்வளவு பழையது அல்ல. 1978இல்தான் நாய்களிடம் அது கண்டறியப்பட்டது. பூனைகளைத் தாக்கும் ஒரு வைரஸுக்கு நெருங்கிய சொந்தம். இரண்டு வருடத்தில் உலகத்தையே சுற்றி வந்துவிட்டது. உடம்புக்குள் நுழைந்து நோயாக வெளியே தெரிய பெரும்பாலும் 3 முதல் 7 நாள் ஆகும். நான் வாங்கிய மறுநாளே வாந்தி என்றால், காசு எண்ணிக்கொடுத்த அந்த நேரத்திலேயே நோய் குட்டிக்குள் இருந்திருக்கிறது. எங்கள் வீட்டுத் தண்ணீரையும் சோற்றையும் குறை சொல்லிக்கொண்டிருந்த பாட்டியிடம் இதைத்தான் மருத்துவர் விளக்கினார். இன்னொன்றும் சொன்னார்: குட்டிக்கு முதல் காவல் தாயின் சீம்பால். தாய்க்கு ஒழுங்காகத் தடுப்பூசி போட்டிருந்தால் அந்த எதிர்ப்பில் ஒரு பங்கு பாலில் இறங்கும். அது தேய்ந்துகொண்டே வரும், ஆனால் இருக்கும்வரை ஊசியையும் வேலை செய்ய விடாது. அதனால்தான் ஒரே ஊசியோடு நிறுத்தாமல் 16 வாரம்வரை விட்டுவிட்டுப் போடுகிறார்கள். ஆக, குட்டியின் அட்டையைப் பார்ப்பதற்கு முன்னால் தாயின் அட்டையைப் பார்க்க வேண்டும். எனக்கு அந்தத் தாய் யாரென்றே தெரியாது.

தாத்தாவுக்குத் தெரிந்திருக்கும். அவர் காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். பின்னால் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தார். 1972இல் ஊருக்குப் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாற்றிய பிறகும் சாகும்வரை போர்ட் சுவெட்டன்ஹாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். லயத்தில் எந்த வீட்டு நாய் சினையாக இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்த செய்தி என்பார். அது பன்றி வேட்டைக்குப் போகுமா, பிள்ளைகளைக் கடிக்குமா, கோழி திருடுமா என்பதும் தெரியும். குட்டி கண் திறந்ததும் போய்ச் சொல்லி வைக்கலாம், ஆனால் அதுவாகச் சோறு தின்கிற வரைக்கும் தூக்கக்கூடாது. தூக்கும்போது தாய் வீட்டுக்குக் கொஞ்சம் அரிசியும் ஒரு நாணயமும் கொடுக்க வேண்டும். இருபது நகம் இருக்கிறதா என்று பாட்டி எண்ணிப் பார்ப்பாராம். நகத்துக்கும் குணத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் எண்ணுவதற்காக அவர் ஐந்து நிமிடம் அந்தத் தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார் அல்லவா, அது போதும்.

இதைச் சொல்லிவிட்டு அந்தக் காலம் பொற்காலம் என்று எழுதிவிட முடியாது. சொல்லி வைக்காத குட்டிகளைச் சாக்கில் கட்டிப் பக்கத்து ஊர்ச் சந்தையில் விட்டுவிட்டு வந்ததையும் தாத்தாவே சொன்னார். சில சாக்குகள் சந்தைவரை போகவில்லை, பாரிட்டோடு நின்றன. அதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

தோட்டத்தில் இன்னொரு வகை நாயும் இருந்தது. துரை பங்களா நாய். நம் நாய்க்குத் தாய் யாரென்பது வாய்வழிச் செய்தி, அதற்கோ பேப்பர் இருந்தது. இந்தப் பேப்பர் பழக்கம் விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் தொடங்கியது. 1859இல் நியூகாசிலில் நாய்களுக்கென்று ஒரு கண்காட்சி நடந்தது. 1873இல் லண்டனில் கென்னல் கிளப் உருவாகி வம்சாவளிப் பதிவேடு போட ஆரம்பித்தது. அதுவரை ஆடு மேய்க்குமா, நரி பிடிக்குமா என்று வேலையைப் பார்த்துச் சேர்த்தவர்கள், பிறகு மூக்கின் நீளத்தையும் வாலின் வளைவையும் பார்த்துச் சேர்க்கத் தொடங்கினார்கள். பதிவேட்டை மூடிவிட்டால் உள்ளே இருக்கிற நாய்களுக்குள்ளேயேதான் திரும்பத் திரும்பச் சேர்க்கை நடக்கும்.

என் சித்தப்பா மகள் கேட்ட இனத்தின் கதையே இதற்கு நல்ல உதாரணம். 1899இல் மக்ஸ் ஃபொன் ஸ்டெபானிட்ஸ் என்கிற ஜெர்மன் குதிரைப்படை அதிகாரி கார்ல்ஸ்ரூ நகரத்துக் கண்காட்சியில் ஒரு மேய்ச்சல் நாயைப் பார்த்து அங்கேயே விலைக்கு வாங்கினார். அதற்கு ஹோராண்ட் என்று புதுப் பெயர் வைத்து, ஒரு சங்கம் அமைத்து, பதிவேட்டில் முதல் எண்ணை அதற்குக் கொடுத்தார். அழகாக இருப்பது அவருக்கு இரண்டாம்பட்சம், வேலை செய்ய வேண்டும். ஆனால் ஹோராண்டின் வாரிசுகளை ஒன்றோடொன்று நெருக்கமாகச் சேர்த்துத்தான் இனம் நிலைநிறுத்தப்பட்டது. முதல் உலகப்போருக்குப் பிறகு ஜெர்மன் என்கிற சொல்லே இங்கிலாந்தில் ஆகாது என்பதால் அங்கே அதற்கு அல்சேஷன் என்று பெயர் வைத்தார்கள். 1977இல்தான் கென்னல் கிளப் பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்தது. கிள்ளானில் எங்கள் பெரியவர்களுக்கு இந்தத் தகவல் இன்னும் வந்து சேரவில்லை. அவர்களுக்கு அது அல்சேஷன்தான்.

இந்த இனத்தின் சாபம் இடுப்பு. தொடை எலும்பின் தலை இடுப்புக் குழியில் சரியாகப் பொருந்தாமல் வளரும். இரண்டு மூன்று வயதிலேயே மாடிப்படி ஏற முடியாமல் பின்னங்கால் இழுக்கும். இது பெரும்பகுதி வம்சத்தில் வருவது. குட்டியைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. தாய் தகப்பனை எக்ஸ்ரே எடுத்துத்தான் பார்க்க முடியும். 1966இல் அமெரிக்காவில் இதற்காகவே தொடங்கிய எலும்பியல் அறக்கட்டளை, 24 மாதம் முடிந்த நாய்க்குத்தான் இறுதிச் சான்று தரும். அதற்கு முன்னால் ஈன்ற தாய்க்கு அந்தச் சான்று இருக்கவே முடியாது. கென்னல் சங்கத்துப் பேப்பர் இதைப் பற்றி ஒன்றும் பேசாது. அது தாத்தா பாட்டி பெயரை மட்டும் சொல்லும். "பேப்பர் இருக்கு பாஸ்" என்று விற்பவர் சொல்லும்போது நமக்கு ஆரோக்கியம் என்று காதில் விழுகிறது, அவர் சொல்வது பெயர்ப்பட்டியலை.

பெயரை எழுதி வைப்பது நமக்குப் புதிது என்று நினைத்துவிட வேண்டாம். திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மாட்டுச் சண்டையில் இறந்த வீரனோடு அவனுடைய நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற நாய். அந்த ஊர்க்காரர்களுக்கு நாய் செய்த காரியம் முக்கியமாக இருந்திருக்கிறது, நிறம் அல்ல. பின்னால் நாமும் நிறத்தில் விழுந்தோம். ராஜபாளையம் நாயில் தூய வெள்ளையும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் உயர்வு என்று தேர்ந்தெடுத்துக்கொண்டே போனதில் பிறவிச் செவிடான குட்டிகள் அதிகமாயின. 2005 ஜனவரியில் இந்தியா அஞ்சல் தலை வெளியிட்டுப் பெருமைப்படுத்திய நாய் அது. காவல் நாய்க்குக் காது கேட்கவில்லை என்றால் என்ன செய்வது?

உடம்பு இப்படி. குணம் எங்கே உருவாகிறது? இதைத் தேடப் போனபோதுதான் நான் எதிர்பார்க்காத ஓர் இடத்துக்கு வந்து சேர்ந்தேன். கேமரன் மலைக்கு.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்கிற கடலோர ஊர். அங்கே ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இருவர் 1940களிலிருந்து நாய்க்குட்டிகளைக் கவனித்து வந்தார்கள். ஐந்து இனங்கள், பிறந்த நாளிலிருந்து பதிவு. அவர்கள் புத்தகம் 1965இல் வந்தது. அதற்கு முன் 1961இல் அதே கூடத்தைச் சேர்ந்த ஃப்ரீட்மன், கிங், எலியட் மூவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உயரமான வேலி போட்ட ஒரு வெளியில் தாயோடு குட்டிகளை விட்டார்கள். மனித வாடையே படாமல் வளர்த்தார்கள். சில குட்டிகளை 2ஆம் வாரத்தில், சிலவற்றை 3, 5, 7, 9ஆம் வாரத்தில் எடுத்து, ஒரே ஒரு வாரம் மனிதரோடு பழகவிட்டுத் திரும்ப வேலிக்குள் விட்டார்கள். ஒரு கூட்டத்தை மட்டும் 14ஆம் வாரம்வரை தொடவே இல்லை. தொடாத குட்டிகள் காட்டு மிருகம் மாதிரி ஆகிவிட்டன. மனிதரைக் கண்டால் ஓட்டம்தான். மனிதரோடு ஒட்டுகிற கதவு மூன்றாம் வாரம் வாக்கில் திறந்து, பன்னிரண்டு பதின்மூன்றாம் வாரத்தில் சாத்திக்கொள்கிறது என்பது அதிலிருந்து தெரிந்தது. தாயிடமிருந்தும் உடன்பிறந்தவற்றிடமிருந்தும் சீக்கிரம் பிரித்துவிட்டாலும் கெடுதல். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி இன்னொரு குட்டியிடம்தான் கற்றுக்கொள்கிறது. இன்று உலகம் முழுக்கச் சொல்லப்படும் எட்டு வாரக் கணக்குக்கு இந்த ஆய்வுகள்தான் பெரிய ஆதாரம்.

அந்த மூவரில் ஆர்வில் எலியட் என்பவர் பிறகு மலாயாவுக்கு வந்தார். பகாங்கில் தெலோம் ஆற்றங்கரை ஓராங் அஸ்லி குடியிருப்புகளில் ஒரு வகை நாயைப் பார்த்தார். உயரமான கால்கள் மேல் கட்டிய வீடுகளுக்கு ஏணியில் ஏறி இறங்குகிற நாய். 1963இல் ஒரு ஜோடியை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். ஆற்றின் பெயரால் அதற்குத் தெலோமியன் என்று பெயர் வந்தது. நம் ஆட்கள் கொழுந்து பறித்த அதே மலைத்தொடரில் இருந்த நாய், நமக்குத் தெரியாமல் உலகப் புகழ்பெற்ற ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போயிருக்கிறது. அங்கே வேலி கட்டி, வாரம் வாரமாக எண்ணிக் கண்டுபிடித்ததை இந்த ஏணி வீட்டுக்காரர்கள் எண்ணாமலே செய்துகொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. குட்டி அடுப்புக்குப் பக்கத்தில் வளர்கிறது, குழந்தைகள் மிதிக்காமல் தாண்டிப் போகிறார்கள். எட்டாம் வாரம் வரும்போது அதற்கு மனிதக் கூச்சல் புதிதல்ல. பிறகு அமெரிக்காவில் தெலோமியன் இனமாக வளர்க்கப்பட்டது. ஆனால் கொண்டுபோனவை மிகச் சில நாய்கள்தான், அந்தக் குறுகிய இரத்தத்துக்குள்ளேயே சேர்த்து இனத்தைத் தள்ள முடியவில்லை. இன்று அது பார்ப்பதற்கே அரிது.

45 நாள் என்று விற்பவன் சொல்வதை இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறரை வாரம். அதுவும் உண்மையாக இருந்தால். மொத்தமாகக் குட்டி போடவைத்து விற்கிற இடங்களில் இது தற்செயல் அல்ல. ஆறு வாரத்தில்தான் குட்டி பொம்மை மாதிரி இருக்கும், எட்டு வாரத்தில் கால் நீண்டுவிடும். கூடுதலாக இரண்டு வாரம் சோறு போட வேண்டும், அடுத்த ஊசி செலவு வரும். தாயை ஒவ்வொரு பருவத்திலும் சேர்த்தால் வருமானம். அந்தத் தாயை வாங்க வருகிறவரிடம் காட்ட முடியாது. தொங்கிய மடியும் புண்ணுமாக இருப்பதைப் பார்த்தால் யாரும் குட்டியை வாங்க மாட்டார்கள். அதனால்தான் கார் நிறுத்துமிடத்தில் சந்திப்பு, அதனால்தான் "நானே வீட்டுக்குக் கொண்டு வந்து தரேன்" என்கிற உபசாரம். இங்கிலாந்தில் 2020 ஏப்ரலிலிருந்து ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியை, பிறந்த இடத்தில் தாயோடு காட்டி வளர்ப்பவரே விற்க வேண்டும். இடைத்தரகர் கூடாது. வேல்ஸில் ஒரு குட்டிப் பண்ணையிலிருந்து மீட்கப்பட்ட லூசி என்ற நாயின் பெயரில் அந்தச் சட்டம் அழைக்கப்படுகிறது. இந்தியாவின் 2017 விதிகளும் எட்டு வாரத்துக்கு முன் விற்பதைத் தடுக்கின்றன, தாய்க்கு வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது என்கின்றன. இங்கே 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் இருக்கிறது. வியாபாரமாக இனவிருத்தி செய்பவர் கால்நடைச் சேவைத் துறையின் உரிமம் எடுக்க வேண்டும். வதைக்கு 20,000 முதல் 100,000 வெள்ளிவரை அபராதம், மூன்று வருடம்வரை சிறை. சட்டம் இருக்கிறது, கார் நிறுத்துமிடமும் இருக்கிறது.

எங்கள் ஊரில் இன்னொரு கதையைச் சொல்லாமல் போக முடியாது. போர்ட் கிள்ளான் படகுத்துறையிலிருந்து நண்டுத் தீவு என்று பொருள்படும் பூலாவ் கெத்தாமுக்குப் படகு போகும். ஞாயிற்றுக்கிழமை கடல் உணவு சாப்பிடக் கூட்டம் கூட்டமாகப் போவோம். 2009இல் அங்கே தெருநாய்த் தொல்லை தாங்காமல் 300க்கும் மேற்பட்ட நாய்களைப் பிடித்து, ஆளில்லாத சதுப்புநிலத் தீவுகளில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே குடிக்க நல்ல தண்ணீர் இல்லை, தின்னவும் ஒன்றுமில்லை. செத்த நாயை மற்ற நாய்கள் தின்றன என்கிற செய்தி உலகம் முழுக்கப் போனது. விலங்கு நலக் குழுக்கள் படகில் போய் உணவு வைத்தன, பிடிக்க முடிந்ததைப் பிடித்து வந்தன. தீவு மக்களை ராட்சதர்கள் என்று எழுதுவது சுலபம். என் தாத்தாவின் சாக்கைவிட அது பெரிய சாக்கு, அவ்வளவுதான். யாரும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்கிற நாய் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும்.

போன வாரம் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு தெலோக் பங்லிமா காராங் பக்கம் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை வீட்டுக்குப் போனேன். நண்பர் ஒருவர் சொன்ன இடம். டீச்சர் வாசலிலேயே நிறுத்தி, செருப்பை வெளியே விடச் சொன்னார், கை கால் கழுவ வைத்தார். ஐந்து வாரக் குட்டிகள். தொட விடவில்லை. நடுவில் தாய் வந்து நின்றுகொண்டது. குரைக்கவில்லை, எங்களையே பார்த்தது. நாலு வயது, இரண்டாவது ஈத்து. டீச்சர் ஒரு கோப்பை எடுத்து வந்து எக்ஸ்ரே படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தகப்பன் ஈப்போவில் இருக்கிறதாம், அதன் படத்தின் நகலும் இருந்தது.

அதற்குப் பிறகு கேள்வி கேட்டது அவர்தான்.

"பகல்ல வீட்ல யாரு இருப்பா?"

"ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுவோம் டீச்சர்."

"அப்ப ஏழு மணியிலேர்ந்து ஆறு மணி வரைக்கும் குட்டி யாரோட இருக்கும்? திருடன் கூடவா?"

தங்கச்சிக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ராக்கியைப் பற்றி நான் சொன்னேன். அதே வீடா என்று உடனே கேட்டார். வேறு வீடு என்றதும் தலையாட்டினார். அந்த வைரஸ் மண்ணில் ஒரு வருடத்துக்கும் மேல் கிடக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. இந்த ஈத்து முழுவதும் ஏற்கெனவே ஆள் பார்த்தாயிற்று, அடுத்தது அடுத்த வருடம்தான் என்றார். 3,500 வெள்ளி. முன்பணம் வாங்கவில்லை. ஒரு தாள் கொடுத்தார். என்ன காரணமானாலும், எந்த வயதானாலும், வைத்துக்கொள்ள முடியாவிட்டால் வேறு யாருக்கும் கொடுக்காமல் தன்னிடமே திருப்பித் தர வேண்டும் என்று அதில் இருந்தது.

கார் நிறுத்தும் கூரைக்குக் கீழே ஒரு பெரிய ஆண் நாய் படுத்திருந்தது. முகவாயில் நரை. "இது இவளோட அம்மா போட்ட குட்டி. ஆறு வருஷம் கழிச்சு போன தீபாவளிக்குத் திரும்ப வந்துச்சு. அவங்க காண்டோவுக்கு மாறிட்டாங்க" என்றார் டீச்சர். அது எழுந்து தங்கச்சியின் கையை முகர்ந்துவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டது.

திரும்பும்போது காரில் அவள் கைபேசி சத்தம் போட்டது. "1,500க்கு இறக்கிட்டான் அண்ணே."

"அம்மா நாயோட படம் அனுப்பச் சொல்லு. இல்ல, வீட்டுக்கு வந்து பாக்கலாமான்னு கேளு."

அவள் தட்டினாள். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பண்டமாரான் சிக்னலில் நின்று, பச்சை விழுந்து, அவள் வீட்டு வாசலில் இறக்கிவிடும்வரை பதில் வரவில்லை.